ஜெர்வே வாயைக் கட்டிய நான்கு நாள்

ஜெர்வே ஷார்பொனோ அன்று காலை ரொட்டி வாங்கப் போய்த் திரும்பியபோது, ரொட்டியோடு ஒரு சபதத்தையும் கொண்டுவந்தார். ரொட்டியை மேஜைமேல் வைத்தார். சபதத்தை மனைவி சொலான்ஜின் தலைமேல் வைத்தார்.

"இன்னையோட சரி, சொலான்ஜ்! இனிமே இந்த மோன்ரியால் பட்டணத்துல எவனாவது 'போன்ஜூர்' சொல்லாம என்கிட்ட வாயைத் திறந்தான்னா, நான் செவிடு. ஊமை. வெறும் மரம்!"

சொலான்ஜ் ஸ்ட்ராபெரிக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மரம்தான்னு எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். மாடிப்படிக்குப் பெயிண்ட் அடின்னு சொன்ன அன்னைக்கே அப்படித்தானே நின்னே."

"விளையாடாதே. பேக்கரியில ஒருத்தன். அரைக்கால் சட்டை, முதுகுல மூட்டை. உள்ள வரான். ஒரு போன்ஜூர் கிடையாது. நேரா விரலை நீட்டி, 'அதுல ரெண்டு'ங்கறான். இங்கிலீஷ்ல! அங்க ஒரு பொண்ணு புதுசா வேலைக்கு வந்திருக்கா, பாவம், வெலவெலத்துப் போச்சு. ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா வணக்கம் சொல்ல மாட்டியா? கடைன்னா மட்டும் வாய் வலிக்குதா? ஒரே ஒரு போன்ஜூர்! அதுக்கப்புறம் சீன பாஷையில பேசேன், யாரு வேணாங்கறா?"

"சரி, நீ என்ன செஞ்சே?"

"நானா? முறைச்சேன்."

"முறைச்சிட்டு?"

"அப்புறம்... அந்த ஆளுக்கு மெட்ரோவுக்கு வழி தெரியலை..."

"சொன்னே."

"சொன்னேன். மனுஷன் தவிக்கறான்ல."

"எந்த பாஷையில சொன்னே?"

ஜெர்வேக்கு அவசரமாக ரொட்டியை அறுக்க வேண்டிய வேலை வந்துவிட்டது. கத்தியைத் தேடிக்கொண்டு மூலைக்குப் போனார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முப்பத்தொரு வருஷம் மெட்ரோ நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவர். வெளியூர்க்காரர் ஒருவர் கூண்டுக்கு எதிரே நின்று 'போன்' என்று ஆரம்பித்து, 'ஜூர்' என்று முடிப்பதற்குள் ஜெர்வே ஆங்கிலத்தில் வழி சொல்லி முடித்திருப்பார். பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. பிரெஞ்சில் ஒருவன் லேசாகத் தடுக்கினால் போதும், கீழே விழ விட மாட்டார்கள். அப்படியே அள்ளித் தூக்கி ஆங்கிலத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். இது இரக்கம் என்பார் ஜெர்வே. அவசரம் என்பாள் சொலான்ஜ். எதுவானாலும், ஜெர்வேக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

ஒருமுறை வடக்கேயிருந்து, ஜெர்வேயைவிடச் சுத்தமான பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஜலதோஷத்தோடு கூண்டுக்கு வந்து ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார். அடைத்த மூக்கைக் கேட்டுவிட்டு இவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இவர் ஆங்கிலம் பேசுகிறாரே, பிரெஞ்சு தெரியாது போலிருக்கிறது என்று அவரும் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் பேசினார். கால் மணி நேரம் போனது. அதற்குள் ரயிலும் போனது. அதைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வசவை விட்டார்கள். அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது, தாங்கள் ஒரே ஜாதிப் பறவை என்று. கோபம் வந்தால்தான் இந்த ஊரில் ஒருத்தன் எங்கே பிறந்தவன் என்று தெரியும்.

சொலான்ஜ் கையைத் துடைத்துக்கொண்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"வியாழக்கிழமை டோரீனும் அவ புருஷனும் வராங்க. ஞாபகம் இருக்கா? போன வருஷம் எங்க கோயில் பாட்டுக் குழுவோட மேற்கே, இங்கிலீஷ் பேசற சஸ்காட்செவன் மாகாணத்துக்குப் போனேனே, அப்ப என்னைத் தங்க வெச்சாளே, அவ."

"வரட்டும்."

"அவ புருஷன் பேரு வெண்டல். கோதுமை விவசாயி. பனி காலத்துல வயல்ல வேலை இல்லைன்னு ரெண்டு வருஷமா ஒரு புஸ்தகத்தை வெச்சுக்கிட்டுத் தானே பிரெஞ்சு படிச்சிருக்காரு. முன்ன ஒரு தடவை இங்க வந்தாராம். கடை கடையாப் போய் போன்ஜூர் சொன்னாராம். ஒருத்தர் பாக்கியில்லாம இங்கிலீஷ்ல பதில் சொல்லிட்டாங்களாம். மனுஷன் ஒரு முழு வாக்கியத்தைக்கூடப் பேச முடியாம, வாயில வெச்சுக்கிட்டே திரும்பிப் போனாராம்."

ஜெர்வேக்கு உண்மையாகவே நெஞ்சு உருகியது. "அடப் பாவமே! அந்த மனுஷனுக்குத்தான்டி மரியாதை தெரியும். வரட்டும், அவருக்கு நான் பிரெஞ்சுல பேசறேன். நாலு நாளும் பிரெஞ்சுதான். குளிப்பாட்டி அனுப்பறேன்."

"நீயா?"

"நானேதான்."

"மூணு நிமிஷம் தாங்க மாட்டே."

"பந்தயம்!"

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் சொலான்ஜ் அதைப் பிடித்துக்கொண்ட வேகத்தை அவர் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

"சரி. தோத்தா என்கூட ஜூலைல ரெண்டு வாரம் ரிமூஸ்கிக்கு வரணும், எங்க அக்கா வீட்டுக்கு."

ஜெர்வே வெளிறிப்போனார். ரிமூஸ்கியில் சொலான்ஜின் அக்கா புருஷன் அக்கார்டியன் வாசிப்பார். மூன்றே மூன்று மெட்டுத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். ஆனால் கேட்கிறவன் கால் தாளம் போடுகிறதா என்பது மட்டும் மூடிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். நின்றால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா நீ உன் சிநேகிதன் ஃபெர்னானோட ஏரிக்குப் போ. ரெண்டு வாரம் முழுசா. நான் ஒரு தடவைகூட போன் பண்ணமாட்டேன்."

ஏரி! ஜெர்வேயின் கண்முன் தண்ணீர் பளபளத்தது. ஒரு மரக் குடிசை, ஒரு படகு, இரண்டு தூண்டில். ஃபெர்னான் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுகிற உத்தமன். அதிலும் ஒன்று 'மீன்'. மூன்று வருஷமாக அந்த ஏரிக்குப் போக முடியவில்லை. ஒரு வருஷம் கல்யாணம், ஒரு வருஷம் முழங்கால், ஒரு வருஷம் ரிமூஸ்கி.

"மூணு நிபந்தனை," என்றாள் சொலான்ஜ். "ஒண்ணு, ஒரு இங்கிலீஷ் வார்த்தை வாயிலேர்ந்து வரக்கூடாது. டோரீன்கிட்டயும் சரி. ரெண்டு, அவரு வார்த்தை தேடறப்ப நீ எடுத்துக் கொடுக்கக்கூடாது. அதுவும் அவமரியாதைதான். அவரா முடிக்கணும். மூணு, வேலை இருக்குன்னு நழுவி வெளிய ஓடக்கூடாது. போனா அவரோட போகணும்."

"நீ பாட்டுக் குழுவுக்குப் போயிட்டா யாரு சாட்சி?"

"உன் மீசை. நீ பொய் சொன்னா இடது பக்கம் துடிக்கும். நாப்பது வருஷமா அதுதானே எனக்கு ஒற்றன்."

கை குலுக்கினார்கள். ஜெர்வேயின் உள்ளங்கையில் ஸ்ட்ராபெரிச் சாயம் ஒட்டிக்கொண்டது. தேய்த்தும் போகவில்லை.

வியாழக்கிழமை மாலை விருந்தாளிகள் வந்தார்கள். டோரீன் வாடகைக் காரிலிருந்து இறங்கும்போதே சொலான்ஜைக் கட்டிக்கொண்டாள். இருவரும் ஆங்கிலத்தில் சளசளவென்று பேசிக்கொண்டே மாடி ஏறிவிட்டார்கள். பந்தயம் ஜெர்வேக்கு மட்டும்தானே!

வெண்டல் வாசலில் இருந்த வளைந்த இரும்பு மாடிப்படியின் அடியில் வந்து நின்றார். ஆறடிக்கு மேலே இன்னும் கொஞ்சம். வெயிலில் வெந்த முகம். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"போன்ஜூர். நான்... வெண்டல்... ஆவேன். தங்களைச் சந்தித்ததில்... எனக்கு... பெரும்..."

வார்த்தை கிடைக்கவில்லை. வெண்டல் வானத்தைப் பார்த்தார். தெருவில் ஒரு லாரி போனது. எதிர்வீட்டுப் பூனை வேலியிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, இந்தப் பக்கத்து வேலியில் ஏறி உட்கார்ந்தது. ஜெர்வேயின் நாக்கில் ஒரு முழு ஆங்கில வாக்கியம் செருப்பு மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றது. அவர் அதைக் கடித்தார்.

"...உவகை!" என்றார் வெண்டல்.

"எனக்குந்தான்," என்றார் ஜெர்வே, மூச்சு வாங்க. மாடியிலிருந்து சொலான்ஜ் கைக்கடிகாரத்தைக் காட்டி நான்கு விரலை நீட்டினாள். நான்கு நிமிஷம் தாங்கிவிட்டாராம்.

சாப்பாட்டு மேஜையில் சால்மன் மீனை மாவுக்குள் அடைத்துச் சுட்ட பண்டம். வெண்டல் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, கதை சொல்கிறேன் என்றார்.

"நேற்று... இல்லை. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு... நேற்று. எங்கள் ஊரில் ஒரு... ஒரு... பால் தருபவள்..."

பசு என்று ஜெர்வேக்குத் தெரிந்துவிட்டது. எடுத்துக் கொடுக்கக்கூடாது. அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"...கொம்பு உடையவள். வால் உடையவள். புல்லை... புல்லை..."

"ம்," என்றார் ஜெர்வே.

"பசு!"

"பசு!" என்று ஜெர்வே கத்திய கத்தலில் டோரீனின் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது.

"அந்தப் பசு ஞாயிறு காலை... தேவாலயத்துக்குள் நுழைந்தது. உள்ளே... கூட்டம். அந்தப் பசு நேராக... நேராக..."

பசு நேராக எங்கே போனது என்று தெரிவதற்குள் மணி ஒன்பதாகிவிட்டது. விருந்தாளிகள் பயணக் களைப்பில் படுக்கப் போனார்கள். ஜெர்வே வெகு நேரம் புரண்டார். "சொலான்ஜ், அந்தப் பசு எங்கடி போயிருக்கும்?" என்று கேட்டார்.

"டோரீன்கிட்ட இங்கிலீஷ்ல கேளேன். ஒரு நிமிஷத்துல சொல்லிடுவா."

அவர் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சமையலறைக்கு வந்தால், வெண்டல் தலை வாரி, சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டு, பாடப் புத்தகத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன்ஜூர், நண்பரே. இன்று தாங்கள்... எவ்வாறு... உறங்கினீர்கள்? உறங்குவீர்கள்?"

பெண்கள் இருவரும் சற்று நேரத்தில் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார்கள். பகல் முழுதும் இந்த மனுஷரும் தானும்தான். ஜெர்வே காற்று வாங்குகிறவர்போல நழுவி வாசல் மாடிப்படிக்கு வந்தார். வீட்டு எல்லை அதுதானே, நிபந்தனை மீறவில்லை.

படியின் உச்சியில் பெயிண்ட் டப்பா ஒன்று இருந்தது. மூடி நெம்பித் திறந்து தயாராக வைத்திருந்தது. பக்கத்தில் துரு தேய்க்கிற கம்பித் தூரிகை, எண்ணெயில் ஊறிய இரண்டு பெயிண்ட் பிரஷ், கீழே விரிக்கப் பழைய செய்தித்தாள். சொலான்ஜ் எப்போதோ எடுத்து வைத்து மறந்துபோயிருப்பாள் என்று நினைத்தார். அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு மகத்தான யோசனை பிறந்தது. கை வேலை செய்தால் வாய் வேலை செய்ய வேண்டியதில்லை! தேய்க்கிற சத்தத்தில் பேச்சே கேட்காது!

அஞ்சு வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலையை அஞ்சு நிமிஷத்தில் ஆரம்பித்தார். கர்ரக், கர்ரக் என்று தேய்த்தார். நிம்மதியாக இருந்தது. மூன்றாம் படிக்கு வந்தபோது ஒரு நிழல் விழுந்தது. வெண்டல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். விவசாயி. அடுத்தவன் வேலை செய்யும்போது நிற்கத் தெரியாதவர்.

"இது... யாது?" என்று சிவந்த பொடியைக் காட்டினார்.

"துரு."

"துரு!" வெண்டலின் முகம் மலர்ந்தது. "துரு. துரு. இங்கும் துரு. அங்கும் துரு. நண்பரே, தங்கள் மாடிப்படி... முழுவதும்... துரு!"

"ஆமாங்க. என் வீட்டுக்காரியும் அதையேதான் சொல்றா."

பத்தொன்பது படி. படிக்கு ஒரு பாடம். கம்பி, கைப்பிடி, வளைவு, ஏணி, ஆணி, சுத்தியல். பதினோராம் படியில் டப்பா சரிந்து ஜெர்வே கோயிலுக்குப் போட்டுப் போகிற நல்ல செருப்பில் பச்சைப் பெயிண்ட் வழிந்தது. அவர் வாயிலிருந்து ஒரு வசவு பீரங்கிபோலக் கிளம்பியது. தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்தது.

வெண்டல் உடனே சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "இந்தச் சொல்... புத்தகத்தில் இல்லை. பொருள் யாது?"

ஜெர்வே நெளிந்தார். இந்த ஊரில் வசவெல்லாம் கோயிலில் இருந்துதான் எடுப்பது வழக்கம். "அது... கோயில்ல, பீடத்து மேல, அப்பம் வைக்கிற பெட்டி இருக்குல்ல, அதோட பேரு."

வெண்டல் எழுதிக்கொண்டார். யோசித்தார். "காலில் பெயிண்ட் விழுந்தால்... அப்பப் பெட்டியை... எதற்காக அழைக்கிறீர்கள்?"

ஜெர்வே அறுபத்து நான்கு வருஷமாக அழைக்கிறார், எதற்கென்று ஒருநாளும் யோசித்ததில்லை. பிரெஞ்சில் விளக்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது என்று அன்றுதான் கண்டுபிடித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, செருப்பில் பெயிண்ட் காயும்வரை சிரித்தார்கள்.

மாலையில் சொலான்ஜ் வந்தாள். பளபளவென்று பச்சையாக நின்ற படியைப் பார்த்தாள். "அடேயப்பா!" என்றாள். "பின்பக்கமா ஏறி வரோம்."

"எப்படிப் போகுது?" என்று அவர் காதில் கேட்டாள்.

"ஒரு வார்த்தை வரலை. மீசையைப் பாத்துக்கோ."

சனிக்கிழமை வெண்டல் இன்னும் சீக்கிரம் எழுந்திருந்தார். பசு தேவாலயத்தின் நடுப்பாதையில் பாதித் தூரம் வந்திருந்தது. "மக்கள் அனைவரும் எழுந்து... எழுந்து..." என்று வெண்டல் தேட ஆரம்பித்ததும் ஜெர்வே பின்பக்க பால்கனிக்குப் பாய்ந்தார். அங்கே துணிக்கொடியின் துருப்பிடித்த கப்பிக்குப் பக்கத்திலேயே ஒரு புதுக் கப்பி தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினார்கள். குளியலறைக் கதவு மூன்று வருஷமாகத் தோளால் இடித்தால்தான் திறக்கும். அதைக் கழற்றி இழைத்தார்கள். வசதியாக இழைப்புளி குளியல் தொட்டியிலேயே கிடந்தது. 'இந்த வீட்டில் எதுவும் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை' என்று ஜெர்வே அலுத்துக்கொண்டார். பிறகு ஆடுகிற அலமாரி, ஒழுகுகிற குழாய், ஜன்னல் வலை.

மத்தியானம் ஃபெர்னான் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"போன்ஜூர், ஃபெர்னான்," என்றார் ஜெர்வே. "நான்... நலம். நீ... எவ்வாறு... இருக்கிறாய்?"

பிறகு ஃபெர்னான் அன்றைய மூன்று வார்த்தையையும் ஒரே மூச்சில் செலவழித்தான். "டாக்டரைக் கூப்பிடட்டுமா ஜெர்வே?"

ஜெர்வேக்கு எதற்காக என்றே புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வெண்டல் குறிப்புப் புத்தகத்தை மூடி வைத்தார். முகத்தில் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் களை. "நண்பரே, இன்று மாலை நான் செல்வேன். அதற்கு முன்... ஒரு கடையில்... ஒரே ஒருமுறை... அவர்கள் எனக்கு பிரெஞ்சில் பதில் தர வேண்டும்."

சொல்லும்போது அந்தப் பெரிய உருவத்தின் குரல் கொஞ்சம் தழைந்தது. ஜெர்வேக்கு ஏரி மறந்தது, ரிமூஸ்கி மறந்தது. இந்த மனுஷனுக்கு இன்று பதில் கிடைக்காவிட்டால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. இருவரும் பேக்கரிக்குப் போனார்கள்.

வரிசை நகர்ந்தது. புதுப் பெண் நிமிர்ந்தாள். வெண்டல் தொப்பியைக் கழற்றினார்.

"போன்ஜூர், பெண்மணியே. இன்று வானம்... தெளிவாக உள்ளது. எனக்கு... இரண்டு... நீண்ட ரொட்டிகளை... அன்போடு தருவீர்களா?"

பெண்ணின் உதடு ஆங்கிலத்துக்காகக் குவிந்தது. வெண்டலின் முதுகுக்குப் பின்னால் ஜெர்வே இரு கையையும் கூப்பினார். தலையை ஆட்டினார். வாயில் விரலை வைத்தார். முழங்காலிட மட்டும்தான் இடமில்லை. பெண் அவரைப் பார்த்தாள், வெண்டலைப் பார்த்தாள். குவிந்த உதடு விரிந்தது.

"போன்ஜூர் ஐயா! ஆமா, வானம் நல்லாருக்கு. நேத்து மாதிரி மூட்டம் இல்லை. சூடா இருக்கிறதாத் தரட்டுமா?"

"சூடாக!" என்றார் வெண்டல். "ஆம். சூடாக. மிகவும் நன்றி. தங்கள் ஞாயிறு... இனிதாகுக!"

"உங்களுக்கும் ஐயா."

வெண்டல் ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினார். பைகூடக் கேட்காமல், இரண்டு ரொட்டியையும் கைக்குழந்தைபோலப் பிடித்திருந்தார். ஜெர்வேயின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் கூண்டுக்குள் உட்கார்ந்து எத்தனை பேருடைய வாயிலிருந்து இந்தச் சந்தோஷத்தைப் பிடுங்கியிருப்போம் என்று நினைத்தார். அந்த நினைப்பிலேயே மேஜைக்கு முன் போய் நின்றார்.

"போன்ஜூர். எனக்கு... ஆறு... வெண்ணெய் அப்பங்கள்... வேண்டும்."

பெண் அவரைப் பரிவோடு பார்த்தாள். ஆங்கிலத்தில் சொன்னாள்: "கஷ்டப்படாதீங்க ஐயா. இங்கிலீஷ்லயே சொல்லுங்க, எனக்குப் புரியும். அன்னைக்கு அந்தப் பயணிக்கு மெட்ரோ வழி சொன்னீங்களே, எவ்வளவு நல்லாப் பேசினீங்க! எந்த ஊர் நீங்க?"

ஜெர்வேக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. இந்தத் தெருவில் பிறந்தவர்! எதிரே தெரிகிற கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்! 'அடியே, நான் இந்த ஊர்க்காரன்' என்பது அவர் வாயில் புறப்பட்டது, ஆனால் பழக்க தோஷம், ஆங்கிலத்தில் புறப்பட்டது. கேள்வி எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் பதில் சொல்வதுதானே முப்பத்தொரு வருஷ உத்தியோகம்! முதல் எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஏரி நடுங்கியது. தூரத்தில் அக்கார்டியன் கேட்டது.

ஜெர்வே சட்டென்று வெண்டலின் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கி ஒரு கடி கடித்தார். சூடு. நாக்கு பொசுங்கியது. அப்பப் பெட்டி வெடித்தது.

அந்த வசவு கடை முழுக்க எதிரொலித்தது. வரிசையில் நின்ற கன்னிகாஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டாள். பேக்கரிப் பெண்ணின் முகம் சூரியன்போல் ஆனது.

"அட, நம்ம ஊர்க்காரரா!" என்றாள், சுத்தமான பிரெஞ்சில். "மொதல்லயே சொல்லக்கூடாதா?"

வெண்டல் ஜெர்வேயின் தோளைத் தட்டினார். "இப்போது புரிந்தது, நண்பரே. அப்பப் பெட்டியை... எதற்காக அழைக்கிறீர்கள் என்று."

அன்று மாலை ஸ்ட்ராபெரியும் பாலேடும் சாப்பிட்டுக்கொண்டு நால்வரும் பின் பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது, பசு கடைசியில் போய்ச் சேர்ந்தது.

"பசு நேராக... பீடத்தின் முன் நின்ற மணமகளிடம்... சென்று... அவள் கையிலிருந்த பூச்செண்டை... முழுவதும்... தின்றது. மணமகள்... டோரீன்." வெண்டல் மனைவியைப் பார்த்தார். "மணமகன்... நான். பசுவும்... என்னுடையது. அவள் அன்று... சிரித்தாள். ஆகையால்... இன்றும்... நான் மகிழ்கிறேன்."

டோரீனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் எந்தக் கதை என்று தெரிந்து முகம் சிவந்தாள். ஜெர்வே எழுந்து அந்த ஆறடி மனுஷரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நான்கு நாளாகக் காத்திருந்தது வீண்போகவில்லை. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் இது ஒரு நிமிஷக் கதை, சாப்பிட்டு முடிப்பதற்குள் மறந்திருக்கும்.

கார் தெருமுனை திரும்பி மறைந்ததும், ஜெர்வே பச்சைப் படியில் ஏறி உச்சியில் நின்றார். மார்பை நிமிர்த்தினார்.

"நாலு நாள், சொலான்ஜ்! ஒரு வார்த்தை! ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை? மீசையைப் பாரு!"

சொலான்ஜ் பார்த்தாள். மீசை மலைபோல் அசையாமல் இருந்தது.

"ஜெயிச்சிட்டே. நாளைக்கே ஏரிக்குக் கிளம்பு. ரெண்டு வாரம்."

இவ்வளவு சுலபமாக விட்டுக் கொடுக்கிறாளே என்று ஒரு கணம் நெருடியது. கொண்டாட ஒரு பீர் எடுக்கலாம் என்று சமையலறைக்குப் போனார். ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில், ஐந்து வருஷமாக அவர் பார்க்காமலே கடந்துபோன காகிதம். மாடிப்படி, கப்பி, குளியலறைக் கதவு, அலமாரி, குழாய், ஜன்னல் வலை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. பக்கத்தில் சொலான்ஜின் முத்து முத்தான எழுத்தில் கிழமை: வெள்ளி, சனி, சனி, சனி... அந்தக் கிழமைகள் கோடு போட்ட பேனாவில் எழுதியவை அல்ல. மை மங்கியிருந்தது. முன்பே எழுதியவை.

மூடி திறந்த டப்பா ஞாபகம் வந்தது. தொட்டியில் கிடந்த இழைப்புளி ஞாபகம் வந்தது.

"சொலான்ஜ்... நான் தோக்கணும்னுதானே நீ பந்தயம் கட்டினே?"

"பைத்தியமா எனக்கு? நீ தோத்திருந்தா இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு நாலு நாளும் நாற்காலியிலதானே உக்காந்திருப்பீங்க ரெண்டு பேரும்."

"அப்ப ரிமூஸ்கி?"

"அக்கா வீட்டுல யாரு இருக்கா? ஜூலை முழுக்க அவங்க ஊர்லயே இல்லை."

ஜெர்வே பீரைத் திறக்க மறந்து நின்றார். சொலான்ஜ் பழைய காகிதத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுசாக ஒன்றை ஒட்டி, காந்தத்தை அழுத்தினாள்.

"நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வா, செல்லம். அடுத்த கோடைக்கு டெக்சாஸ்லேர்ந்து ஒருத்தர் வராரு, இப்பத்தான் 'போன்ஜூர்' வரைக்கும் படிச்சிருக்காராம். சமையலறை முழுக்கப் பாக்கி இருக்கு."